திண்ணைப் பள்ளியின் நாள்முறையும் பெற்றோரும்

கற்பிப்போன் இயல்பும் கற்போன் இயல்பும் பற்றித் தமிழ் இலக்கண நூலார் விரிவாகப் பேசியுள்ளனர். நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியன், மாணாக்கன், பாடஞ் சொல்லுதல், பாடங் கேட்டல் ஆகியவற்றை முறைப்பட வகுத்துரைக்கின்றது. எனினும், அது சுட்டும் மாணாக்கன் எழுத்தறிந்தபின் நூல் கற்க வருபவன். ஐந்தாண்டு நிரம்பிய சிறுவன் அல்லன். அச்சிறுவன் எப்பொழுது பள்ளிக்கு வந்தான், யாரிடம் பாடம் ஒப்பித்தான், அவனிடம் ஆசிரியரும் பெற்றோரும் எதனை எதிர்பார்த்தனர் என்பன இலக்கணத்துள் இடம்பெறவில்லை. அவை எழுதா வழக்காய் நின்றவை. அவ்வழக்கினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சான்றுகள்வழி ஆராய்வதும், அதனுள் பெற்றோர்க்கு இருந்த இடம் பின்னர் எவ்வாறு மாறிற்று எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்றோவின் கணக்கெடுப்பு

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமசு மன்றோ 1822ஆம் ஆண்டு சூன் திங்களில், மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்களைப் பணித்தார். விடைகள் தொகுக்கப்பெற்றபின் 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று கூறுகின்றது. அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர். மாணாக்கன் ஒருவன் திங்கள்தோறும் நான்கணா முதல் ஆறணா அல்லது எட்டணா வரை கொடுத்தான் என்றும், ஆசிரியர் பொதுவாக ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை என்றும் அக்குறிப்பால் அறிகின்றோம்.

இவ்வெண்களுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஆசிரியரின் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் பெற்றோர் கொடுத்த காசினாலும் நெல்லினாலுமே. நவராத்திரிக் காலத்தில் மாணாக்கர் கோலாட்டமடித்து வீடுவீடாகச் சென்று பாடி, ஆசிரியருக்குப் பொருள் தேடித் தந்த வழக்கமும் இதனுடன் சேர்த்து எண்ணற்பாலது. ஒரு வீட்டார் மனங்கசந்து பிள்ளையை நிறுத்திக்கொண்டால், அத்திங்களின் வருவாயில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே பள்ளியின் ஒழுங்கு ஆசிரியர் ஒருவரின் விருப்பத்தால் மட்டும் அமைந்ததன்று. வீட்டாரின் இசைவும் அதனுள் கலந்திருந்தது.

ஒரு நாளின் ஒழுங்கு

பெல்லாரி ஆட்சியராக இருந்த ஏ. டி. காம்பெல் 1823ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அனுப்பிய அறிக்கை, அந்நாளைய பள்ளியின் நடைமுறையை விரிவாக எடுத்துரைக்கின்றது. பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதி. ஆயினும் அவர் கூறுவனவற்றுட் பல தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கும் பொருந்துவன. காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்கும். முதலில் வந்த சிறுவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். அது பெருமைக்கு அடையாளம். இரண்டாமவனுக்குச் சுழி, அது புகழுமன்று, இகழுமன்று. மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு ஈரடி, பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். வருகைப் பதிவேடு இல்லாத காலத்தில் சிறுவர்தம் உள்ளங்கையே பதிவேடாயிற்று எனலாம்.

பின்னர், சிறுவர் தத்தம் தகுதிக்கேற்பக் கூட்டங்களாகப் பிரிந்து அமர்வர். புதியவன் மணலில் விரலால் எழுத்தை எழுதி எழுதிப் பழகுவான். கை படிந்தபின் ஓலையும் எழுத்தாணியும் அவனிடம் வரும். இளையோர்க்கு மூத்த மாணாக்கர் கற்பிப்பர். அவர்களுக்குத் தலைவனாய் நின்றவன் சட்டாம்பிள்ளை. வாராத பிள்ளையை வீட்டிற்கே ஆளனுப்பித் தூக்கிவரச் செய்யும் அதிகாரமும் அவனுக்கு உண்டு. ஒருவன் முறை சொல்லப் பிறர் அதனைத் தொடர்ந்து ஒருங்கே சொல்லுதல் நாள்தோறும் நடைபெறும் பயிற்சி.

பெற்றோர் எதிர்பார்த்தவை

இப்பயிற்சியால் பெற்றோர் எதிர்பார்த்த பயன் யாது? முதலாவது, எழுத்தும் நீதி நூற்பாடமும். இரண்டாவது, கணக்கு. எண்சுவடியில் முந்திரி, காணி, மா, கால், அரை என்னும் கீழ்வாய் எண்களும் மேல்வாய் எண்களும் வாய்பாடாய் அமைந்திருந்தன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய பின்னம் சிறுவனுக்கு எதற்கு என்று இன்று வினவுவோர், நெல் அளத்தல், நிலம் அளத்தல், பொன் நிறுத்தல் ஆகியவற்றில் அப்பின்னங்கள் நாளும் வழங்கின என்பதை மறத்தலாகாது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. திண்ணை என்பது வீட்டிற்கும் தெருவிற்கும் இடைப்பட்ட இடம். அங்கு நடப்பது தெருவார்க்கு மறைவன்று. வழிச்செல்வோர் செவியில் சிறுவரின் முறை விழுந்தது. கடைக்காரரோ கணக்குப்பிள்ளையோ ஒரு சிறுவனை நிறுத்தி மனக்கணக்கு ஒன்று கேட்டுவிட்டால், அவனது அறிவும் ஆசிரியரின் உழைப்பும் ஒருங்கே வெளிப்பட்டன. உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலுள் குறிப்பிடும் வழக்கம் ஒன்றும் இதற்குத் துணையாகும். மாலையில் பள்ளி விடும்பொழுது பூ, பறவை, விலங்கு, ஊர் முதலியவற்றின் பெயர்களை ஆசிரியர் சிறுவர்க்குச் சொல்லியனுப்புவார். மறுநாட் காலையில் அவர்கள் அவற்றை மறவாது வந்து சொல்லுதல் வேண்டும். அப்பெயர்கள் இரவெல்லாம் வீட்டில் தங்கின. எழுத்தறியாத தாயும் அதனைக் கேட்டு நினைவூட்டக் கூடும். கல்வி, பெற்றோர்க்கு எட்டும் வடிவில் வீடு புகுந்தது என்பதே இவ்வழக்கின் சிறப்பு.

வீட்டைப் பிரிந்த முறை

இம்முறையின் ஒரு பகுதி கடல் கடந்தது. ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பினை ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டு, அதனைத் தம் காப்பகத்திற் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்தார். 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் இதுபற்றி நூல் வெளியிட்டார். அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவியது. மாணாக்கரைக் கொண்டு கற்பித்தல் தாமே கண்ட முறை என்பது பெல்லின் கூற்று. ஆயின், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1814ஆம் ஆண்டு வங்காளத்திற்கு விடுத்த ஆணையில், இந்திய ஆசிரியர்களின் கற்பிக்கும் முறையே பெல் வாயிலாக இங்கிலாந்திற்கு வந்தது என எழுதினர்.

இவ்வரலாற்றைப் பெருமிதத்துடன் கூறுவோர் பலர். அவர்கள் நோக்காது விடுவது ஒன்றுண்டு. பெல் நடத்தியது படைவீரர்தம் பிள்ளைகளுக்கான காப்பகம். அங்குப் பயின்றவருட் பலர் தந்தையை இழந்தோர். மாலையில் வீடு திரும்பும் சிறுவர் அல்லர். திண்ணையில் தெருவார் கண்முன் இயங்கிய முறை, பெற்றோர் இல்லாத இடத்தில் நடப்பட்டுப் பின்னர் உலகிற்கு அறிமுகமாயிற்று. மணலும் சட்டாம்பிள்ளையும் சென்றனர், வீடு செல்லவில்லை.

தாயகத்திலும் இதற்கொப்ப மாறுதல் நேர்ந்தது. 1854ஆம் ஆண்டின் கல்வி ஆணைக்குப்பின் அரசின் உதவித்தொகை பள்ளிகளுக்குக் கிடைக்கலாயிற்று. தேர்வின் விளைவுக்கேற்பத் தொகை வழங்கும் விதியும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. வருகைப் பதிவேடு, நேரப்பட்டி, அச்சிட்ட பாடநூல், ஆண்டுத் தேர்வு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாய் நிலைபெற்றன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், ஆசிரியர் விடைகூற வேண்டியவர் இப்பொழுது பெற்றோர் அல்லர், பள்ளி ஆய்வாளர். சிறுவன் கற்றதனை அளக்கும் கோல் தெருவினின்று அலுவலகத்திற்குச் சென்றது.

திண்ணையின் குறைகள்

இங்ஙனம் கூறுதலால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலத்தின் சின்னமாகக் கொள்ளுதல் பொருந்தாது. மன்றோவின் கணக்கில் 1,88,650 மாணாக்கருள் பெண்கள் 4,540 பேரே. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. திண்ணையை உடைய தெருவிலேயே அவர்கள் நடத்தல் அரிதாயிருந்தது. தண்டனையோ கொடிது. மாணாக்கனை இரு கைகளாலும் கூரையில் கட்டித் தொங்கவிடுதலையும், ஓயாது மண்டியிட்டு எழச் செய்தலையும் காம்பெல் குறித்துள்ளார். கண்ணை விட்டுத் தோலை உரிக்குமாறு கூறிப் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோரும் இதற்கு உடன்பட்டவரே. வீட்டின் இசைவு எப்பொழுதும் நன்மைக்கே துணைநின்றது எனல் இயலாது.

வீட்டையும் பள்ளியையும் பிணைக்கும் முயற்சி எத்திசையில் தவறக்கூடும் என்பதற்கு 1953ஆம் ஆண்டின் திட்டம் சான்று. சென்னை மாநிலத்தின் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அவ்வாண்டு பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் சிறுவர் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் வேண்டும் என்பது முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியாரின் கருத்து. குலக்கல்வித் திட்டம் என்று அது கடுமையாக எதிர்க்கப்பட்டு, காமராசர் முதலமைச்சரானபின் 1954இல் கைவிடப்பட்டது. பெற்றோரைக் கல்விக்குத் துணையாக அழைத்தல் வேறு. பெற்றோரின் பிறப்பையே பிள்ளையின் எல்லையாக்குதல் வேறு. அவ்வேறுபாட்டைத் தமிழ்நாடு அன்று தெளிவாக உணர்ந்தது.

முடிவுரை

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் மாணாக்கரை அடித்தலையும் மனம் நோகச் செய்தலையும் விலக்கிற்று. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைத்தலை விதித்து, அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்றது. நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய இடம் வகுத்தது. திண்ணையில் இடம்பெறாதிருந்த தாய், சட்டத்தால் பள்ளியினுள் அமர்கின்றாள். இது திண்ணைக்குத் திரும்புதல் அன்று. திண்ணை மறுத்ததனைக் கொடுத்தலாகும்.

ஆயினும், குழுவில் இருக்கை பெறுதல் ஒன்று. பிள்ளை கற்பதனைக் கண்டறிதல் மற்றொன்று. பதிவேட்டில் கையொப்பமிடும் பெற்றோர், தம் பிள்ளை இன்று யாது கற்றான் என்பதனை அறியாராயின், பழைய ஆய்வாளரின் இடத்தை நிரப்பினரேயன்றிப் பழைய தெருவின் செவியைப் பெற்றிலர். எழுத்தறியாத தாயும் கேட்டுச் சரிபார்க்கத்தக்க ஒரு சிறு பாடத்தை நாள்தோறும் வீட்டிற்கு விடுத்தலே திண்ணைப் பள்ளியிடமிருந்து இன்றைய தொடக்கப் பள்ளி கொள்ளத்தக்க முறை. பிரம்பையும் பிறப்பு வேற்றுமையையும் நீக்கிவிட்டு, அவ்வொன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் தகும்.