கிராமசபைத் தீர்மானம்: கை உயர்த்துமுன் அறிய வேண்டியவை

கலிபோர்னியாவில் அரசின் திட்டங்கள் மீதும் மக்கள் வாக்குச்சீட்டில் தீர்ப்பளிக்கின்றனர். நம்மிடம் அதற்கு மிக அருகில் இருப்பது கிராமசபை. அரசமைப்பின் 243ஆம் உறுப்பின்படி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். எப்போதும்வென்றான் போன்ற கரிசல் ஊர்களில், ஊரையும் காலனியையும் சட்டம் சமமாக அமர்த்தும் அவை அது.

ஆயினும் அங்கே வாக்கு இரகசியமானதன்று. கூலி கொடுப்பவரின் கண்முன்னே கூலி பெறுபவர் கை உயர்த்த வேண்டும். அந்த அச்சம் கற்பனையும் அன்று. ஊராட்சித் தலைவராகத் தேர்வான மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார். எனவே தனித்தனியாக அல்ல, அணியாகச் செல்வதே நமது பாதுகாப்பு.

முடிவெடுக்கும் முறை:

1. முந்தைய நாளே தெருவில் கூடி, கூட்டப்பொருளை வாசித்து விவாதிப்போம்.

2. ஒவ்வொரு பணிக்கும் மூன்று கேள்விகள்: எந்தத் தெருவில்? எந்த நிதியில்? யாருக்குப் பயன்? குடிநீர்க் குழாய் காலனிக்கு முன்பே நின்றுவிடுமானால், திருத்தம் கோருவோம்.

3. குறைவெண் வரம்பை எண்ணிப் பார்ப்போம். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரையுள்ள ஊராட்சிக்கு அது 200 பேர்.

4. தீர்மானம் எழுதப்படாத வெற்றுப் பக்கத்தில் கையொப்பமிடோம். மறுப்பையும் பதிவுசெய்யக் கோருவோம்.

5. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி தீர்மான நகலைப் பெறுவோம்.

கிராமத்தைப் போற்றியோரை 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் மறுத்துரைத்தார். அந்த எச்சரிக்கையோடே கிராமசபைக்குள் நுழைவோம். வெளியே நின்றால், நமது தெருவுக்கான முடிவைப் பிறரே எழுதுவர்.