கோடரியும் காடும்: புக்கித் தீமா கூறும் வரலாறு

தேக்காச் சந்தையின் அருகே தொடங்கும் புக்கித் தீமா சாலை வழியே வடமேற்காகச் சென்றால், அடர்ந்த காடு போர்த்த குன்றொன்றைக் காணலாம். அதன் உயரம் ஏறத்தாழ 163 மீட்டரே. ஆயினும் சிங்கப்பூர்த் தீவின் மிக உயர்ந்த இயற்கைக் குன்று அதுவே. மரம் வெட்டுதலும் உயிரினம் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையா என்னும் வினாவுக்கு அக்காட்டின் வரலாறு விடை தருகிறது.

1854-ஆம் ஆண்டில் ஆங்கில இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் இங்கு வந்தார். சுமார் இரண்டு மாதங்களில், ஏறத்தாழ 700 வகை வண்டுகளைத் திரட்டினார். பெரும்பாலும் அவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில் கிடைத்தவை. இவ்வளத்துக்குச் சீன மரவெட்டிகளின் உழைப்பும் ஒரு காரணம் என்று அவரே எழுதினார். அவர்கள் விட்ட பட்டையும் இலையும் மரத்தூளும் பூச்சிகளுக்கு உணவாயின. சுற்றிலும் காடு நின்றவரை, கோடரி உயிர்க்குலத்தை ஒழித்துவிடவில்லை.

ஒழித்தது வேறு. தோல் பதனிட உதவும் காம்பியர்ப் பயிருக்காகக் காடுகள் முற்றாக அழிக்கப்பட்டன. அதன் இலையைக் கொதிக்கவைக்கவும் காடே விறகாயிற்று. மண் வளமிழந்ததும் பயிரிடுவோர் அடுத்த காட்டுக்குப் பெயர்ந்தனர். புலியும் அருகி, 1930-இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டதோடு இத்தீவில் இல்லாதொழிந்தது.

1883-இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் நத்தானியல் கேன்ட்லி காடுகளைப் பற்றி அறிக்கை அளித்தார். அப்போது எஞ்சியிருந்த காடு, தீவின் பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காடே. அதன்பின் காப்புக் காடுகள் அமைந்தன; புக்கித் தீமா அவற்றுள் ஒன்று. மரவளமும் தட்பவெப்பமும் கெடாதிருப்பதே அன்றைய கவலை. விலங்கும் பறவையும் அதன் நிழலில் பிழைத்தன.

அந்தக் காப்பு நிலைக்கவில்லை. வளர்ச்சித் தேவைகள் நெருக்கவே, 1937-க்குள் காப்புக் காடுகள் தேய்ந்தன. செடிகொடிகளையும் விலங்குகளையும் காப்பதற்கென்றே புக்கித் தீமா, கிராஞ்சி, பாண்டான் ஆகிய மூன்றும் நிறுத்தப்பட்டன. 1951-இல் இயற்கைக் காப்பகங்களுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. மரத்துக்காக மட்டும் காத்த காடு, மரத்தைவிட நிலத்துக்கு விலை ஏறியதும் கைவிடப்பட்டது. உயிர்களுக்காகக் காத்த காடே நின்றது.

அதன் பயனை ஒரு சிறு நண்டு காட்டும். புக்கித் தீமா ஓடையில் வாழும் அந்த நன்னீர் நண்டு சிங்கப்பூரையன்றி வேறெங்கும் இல்லை. அறிவியலார் அதற்குப் பெயரிட்டதே 1986-இல்தான். காடு போயிருந்தால், பெயர் பெறுமுன்பே அதுவும் போயிருக்கும்.

தோட்டப்புறத்தில் வாழும் நாம் ரப்பர்த் தோட்டத்தைப் 'பால்மரக் காடு' என்கிறோம். ஒரே மரம் நிரை நிரையாக நிற்பது காடாகாது என்பதை மாணவர்க்கு உணர்த்துவது ஆசிரியர் கடன். நம் வீட்டுக் கதவுக்கும் நாற்காலிக்கும் மரம் வேண்டும். அதை எங்கேனும் ஒரு காடு தந்தாக வேண்டும். எவ்வளவு வெட்டலாம் என்று கணக்கிடுவோர், எவ்வுயிர்கள் எஞ்ச வேண்டும் என்பதையும் அதே ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.