முதலில் விழும் கோபுரம்: ஐரோப்பாவில் மினாராக்களின் வரலாறும் அரசியலும்

பள்ளிவாசலுக்கு மினாரா கட்டாயம் இல்லை. மதீனாவில் நபிகள் நாயகம் எழுப்பிய பள்ளியில் அப்படியொரு கோபுரம் கிடையாது. பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றுதான் நபித்தோழர் பிலால் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொன்னார். 707–709 ஆண்டுகளில் கலீஃபா முதலாம் வலீத் அந்தப் பள்ளியை விரித்துக் கட்டியபோதுதான் நான்கு மூலைகளிலும் கோபுரங்கள் எழுந்தன. ஆனால் தொழுகைக்கு இன்றியமையாததல்லாத இந்த உறுப்பின்மேல்தான், ஐரோப்பாவில் ஆட்சி மாறிய இடங்களில் பெரும்பாலும் முதலில் கை வைக்கப்பட்டது. குவிமாடத்தை விட்டுவைத்தார்கள், மண்டபத்தை விட்டுவைத்தார்கள், தொழும் திசை காட்டும் மிஹ்ராப் மாடத்தைக்கூட விட்டுவைத்தார்கள், மினாராவைச் சாய்த்தார்கள். ஓர் ஊரின் மினாராவுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால், அந்த ஊரில் அதிகாரம் கைமாறிய விதம் தெரிந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மரபுக் காப்புத் துறையினர் அதை வெறும் அலங்கார உறுப்பாகப் பார்ப்பது தவறு. அது ஓர் ஆவணம்.

ஹங்கேரியின் பேச் நகரம் நல்ல தொடக்கம். நகரின் நடுச்சதுக்கத்தில் காசிம் பாஷா 16ஆம் நூற்றாண்டில் கட்டிய பள்ளிவாசல் இன்று கத்தோலிக்கத் தேவாலயம். 1686இல் ஹாப்ஸ்பர்க் படைகள் உஸ்மானியரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய பிறகு கட்டடம் கைமாறியது. உள்ளே மிஹ்ராப் இருக்கிறது; குவிமாட உச்சியில் பிறையின் மேல் சிலுவை நிற்கிறது. மினாராவை மட்டும் 1766இல் இடித்துவிட்டார்கள். அதே நாட்டின் ஏகர் நகரில் கதை தலைகீழ். அங்கே பள்ளிவாசலை 1841இல் இடித்தார்கள்; பதினான்கு பட்டையுள்ள, 40 மீட்டர் உயர மினாரா தனியே நிற்கிறது. அதைச் சாய்க்க 400 காளைகளைப் பூட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஊரார் சொல்வதுண்டு. உள்ளே குறுகலான 97 படிகளில் ஏறினால் மேலே பாங்கு சொல்லும் மோதினார் நின்ற மாடத்தை அடையலாம். காளைக் கதை நடந்ததோ இல்லையோ, எதைச் சாய்க்கத்தான் ஆசை இருந்திருக்கும் என்பதில் மக்கள் நினைவுக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வாதத்துக்கு மிகச் செறிவான சான்று கிரேக்கத்தின் தெசலோனிகி. 1912வரை உஸ்மானிய நகராக இருந்த அதன் வானத்தை மினாராக்கள் நிறைத்திருந்தன. 1923இல் லோசானில் கிரேக்கமும் துருக்கியும் மக்கள் பரிமாற்றத்துக்கு உடன்பட்டதும் நகரின் முஸ்லிம்கள் வெளியேறினார்கள்; தொழ ஆள் இல்லாத பள்ளிகளின் மினாராக்கள் அடுத்த சில ஆண்டுகளில் தரைமட்டமாயின. 1484இல் எழுந்த அலாஜா இமாரத் பள்ளிவாசலில் மினாராவின் அடிப்பீடம் மட்டும் எஞ்சியது. ஹம்சா பே பள்ளிவாசல் பிற்பாடு திரையரங்காகவே ஓடியது. கட்டடங்களைப் பயன்படுத்திக்கொள்வதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. தொலைவிலிருந்து பார்த்ததும் இன்னாருடைய ஊர் என்று சொல்லும் அடையாளம்தான் பொறுக்க முடியாததாக இருந்தது.

அத்தனையிலும் முழு உருவில் தப்பிய ஒரே மினாரா ரோட்டுண்டாவினுடையது. 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கலேரியஸ் காலத்தில் எழுந்த அந்த வட்டக் கட்டடம் முதலில் தேவாலயமாகவும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிவாசலாகவும் ஆனது. உட்புறத்தில் பொன்னிழைத்த மொசைக் ஓவியங்கள்; வெளியே உஸ்மானியக் கோபுரம். யுனெஸ்கோ 1988இல் அதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பதிவின் தலைப்போ ஆதிக் கிறித்தவ, பைசாந்தியச் சின்னங்களை மட்டுமே பேசுகிறது. கண்ணெதிரே நிற்கும் மினாரா தலைப்பில் இல்லை. இடித்துச் சாய்க்காததை எழுத்தால் மறைப்பதும் ஒருவகை இழப்புதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மெல்லிய கோபுரங்கள் நிலநடுக்கத்தில் தாமே விழக்கூடியவை, பராமரிக்கச் செலவு அதிகம், மதம் மாறிய கட்டடத்தில் அவற்றுக்கு வேலையும் இல்லை என்பார்கள். ஸ்பெயின் இதற்குப் பதில் சொல்கிறது. செவியாவில் அல்மொஹது ஆட்சியாளர்கள் 1184இல் தொடங்கி 1198இல் முடித்த மினாராவின் உச்சி அணி 14ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் விழுந்தது. அதற்காகக் கோபுரத்தை யாரும் இடிக்கவில்லை. 1558–1568இல் எர்னான் ரூயிஸ் அதன் தலையில் மணிமாடம் கட்டினார். இன்று ஹிரால்தா என்ற பெயரில் சுமார் 104 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. உள்ளே படிக்கட்டுக்குப் பதில் சாய்தளங்கள், குதிரையிலேயே மேலேறலாம். பள்ளியின் தொழுகைக்கூடம்தான் பேராலயத்துக்காக இடிக்கப்பட்டது. கோர்தோபாவில் நேர்மாறாக மண்டபம் நின்றது; மூன்றாம் அப்துர் ரஹ்மான் 10ஆம் நூற்றாண்டில் கட்டிய மினாராவில் எஞ்சியதை மணிக்கோபுரத்தின் சுவர்கள் மூடிக்கொண்டன. மணி அடிக்கவும் உயரம் வேண்டும். ஆகவே இடிப்பதும் வைத்திருப்பதும் கட்டடக்கலை விதித்த முடிவுகள் அல்ல; ஆட்சியில் இருந்தவர்கள் எடுத்த முடிவுகள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ரோட்டுண்டாவிலும் இஸ்தான்புல்லின் ஆயா சோஃபியாவிலும் மினாராக்கள் வெற்றியின் அறிவிப்பாகவே நட்டு வைக்கப்பட்டன. 537இல் தேவாலயமாகத் திறக்கப்பட்ட ஆயா சோஃபியாவைச் சுற்றி 1453க்குப் பிறகு எழுந்த நான்கு கோபுரங்களும் அதைத்தான் சொல்கின்றன. ஏதென்சின் பார்த்தனான்கூடத் தேவாலயமாகி, பின் பள்ளிவாசலாகி, மினாராவும் தாங்கிய கட்டடம். துருக்கியின் எதீர்னேயில் உஸ்மானியக் கட்டடக்கலைஞர் சினான் 1575இல் முடித்த செலிமியே பள்ளிவாசலின் கோபுரங்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவை அந்தக் கட்டடத்தோடே பிறந்தவை. ஒட்டவைத்ததும் கூடவே பிறந்ததும் இரண்டுமே வரலாற்றுச் சான்றுகள். ஒன்றை ஏற்று மற்றொன்றை அழிப்பவர் சான்றைக் கலைக்கிறார்.

பொஸ்னியாவின் பான்யா லூகா, சான்றைக் கலைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டிவிட்டது. 1579இல் ஃபர்ஹாத் பாஷா கட்டிய ஃபர்ஹாதியா பள்ளிவாசலை, பொஸ்னியப் போரின்போது, 1993 மே 7ஆம் தேதி இரவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் வெடிப்பில் மினாரா விழவில்லை. மறுபடி வெடிவைத்து அதையும் வீழ்த்தினார்கள். அந்நகரில் அப்போது போர்முனை இருக்கவில்லை. குப்பைமேடுகளில் கொட்டிய கற்களைத் தேடியெடுத்து, பழைய இடத்திலேயே மறுபடி கட்டி, 2016 மே 7இல் பள்ளியைத் திறந்தார்கள்.

இந்த நீண்ட வரலாற்றின் சட்ட வடிவம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. 2009 நவம்பர் 29இல் 57.5 விழுக்காட்டினர் வாக்களித்து, புதிய மினாராக்களுக்குத் தடையை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். அன்று அந்நாட்டில் இருந்தவை நான்கு. பள்ளிவாசல் கட்டலாம், தொழலாம். கோபுரம் மட்டும் கூடாது. பேச் நகரில் 1766இல் நடந்த அதே தேர்வு இது.

எனவே மரபுப் பட்டியல் தயாரிப்பவர்கள் எஞ்சிய மினாராக்களோடு சாய்க்கப்பட்ட மினாராக்களின் அடிப்பீடங்களையும் இடித்த ஆண்டோடும் இடித்த ஆட்சியின் பெயரோடும் பதிவு செய்ய வேண்டும். தெசலோனிகியின் உலக மரபுத் தலைப்பில் உஸ்மானியக் காலத்தையும் சேர்ப்பது அதற்கு முதல் படியாக இருக்கட்டும்.