வேளமும் வெற்றிக்கொடியும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி நோக்கிச் செல்லும் சாலையை விட்டுச் சற்றே விலகினால் எண்ணாயிரம் என்னும் சிற்றூர் வரும். திண்டிவனத்திலிருந்து என் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலின் கற்சுவரைத் தடவியபடி, கங்கை கொண்டதையும் கடாரம் வென்றதையும் ஒருவன் உரக்கச் சொன்னான். மற்றவர் கைதட்டினர். கைதட்டாத மாணவன் ஒருவன் மட்டும் கேட்டான்: “ஐயா, அத்தனை பேரும் போருக்குப் போய்விட்டால் ஊரில் உழுதவர் யார்?”

சிறு கேள்விதான். ஆனால் சோழப் பேரரசின் அடித்தளத்தையே தோண்டிப் பார்க்கும் கேள்வி!

கடாரத்தின் மீது கலம் செலுத்தப்பட்டது 1025ஆம் ஆண்டில். எண்ணாயிரத்துக் கல்லூரியைப் பற்றிய கல்வெட்டும் ஏறத்தாழ அதே காலத்தது. இராசேந்திரன் ஆட்சியைச் சேர்ந்தது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். அவர்களைப் பேண 45 வேலி நிலம். இருக்கு, எசுர், சாமம், அதர்வணம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் எனப் பாடங்கள் நீள்கின்றன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை! கோயிலில் திருவாய்மொழி பாடுவோர்க்கு நெல் உண்டு. கல்லூரியிலோ தமிழுக்கு இருக்கை இல்லை. வேதம் ஓதிய இளைய மாணவனுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். அந்த நெல்லை விளைவித்தவன் பிள்ளைக்கு அந்த வாயிலில் இடம் இருந்ததா? இல்லை, தோழர்களே, இல்லை!

வென்ற நாடுகளின் செல்வம் எங்கே சென்றது? சேரனையும் பாண்டியனையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் அளித்ததாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே பெருமையுடன் பேசுகிறது. ஈழத்து ஊர்களின் வருவாயும் அக்கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டது. வாள் கொண்டுவந்ததைக் கோயில் வாங்கிக்கொண்டது. அக்கோயிலின் கல்வெட்டிலேயே, வரி நீக்கிய இடங்களை வரிசைப்படுத்தும்போது, ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் இடம்பெற்றுள்ளது. விண்ணளாவிய கோபுரத்தின் நிழலிலே, தீண்டாமைக்கு ஒரு தனித் தெரு!

பொன் மட்டுமா கொள்ளைப் பொருள்? பெண்ணும்தான்! போரில் சிறைபிடித்த மகளிரைக் கொண்டுவந்து குடியேற்றிய இடத்திற்கு ‘வேளம்’ என்று பெயர். அரண்மனைப் பணிகளின் பெயராலேயே வேளங்கள் அமைந்தன. ‘திருமஞ்சனத்தார் வேளம்’ அவற்றுள் ஒன்று. வேளத்துப் பெண்டிர் சிலர் கோயிலுக்கு விளக்கு வைத்ததும் உண்டு; எல்லாரும் பட்டினி கிடந்தனர் என்று சொல்வது உண்மையாகாது. ஆனால், விளக்கு வைக்கும் வசதி வேறு, வீடு திரும்பும் உரிமை வேறு. பாண்டியனின் தேவியை வேளத்தில் ஏற்றியதையே தன் மெய்க்கீர்த்தியில் வெற்றிச் செயலாகப் பாட வைத்தான் மூன்றாம் குலோத்துங்கன். அரசிக்கே அந்த நிலை என்றால், பெயரற்ற உழவன் மகளுக்கு எந்த நிலை?

தோற்ற நாட்டின் குரலும் கல்லில் இருக்கிறது. கன்னட நாட்டு ஒட்டூரில் 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சோழர் படை ஒன்பது இலட்சம் பேருடன் வந்து, நாட்டைச் சூறையாடி, பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றது, மகளிரைக் கவர்ந்தது என்று குற்றம் சாட்டுகிறது. பகைவன் வெட்டிய கல் அது. படையின் எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை. ஆயினும், பெண்ணைக் கவர்ந்தான் என்று பகைவன் பழிக்க, கவர்ந்தேன் என்று வென்றவனும் பாடிக்கொள்ளும்போது, எஞ்சிய ஐயம் என்ன?

வெளியே இவ்வாறு, உள்ளே எவ்வாறு? குலோத்துங்கன் மதுரையை வென்று வீராபிடேகம் செய்துகொண்டான். திரிபுவனத்தில் பெருங்கோயில் எடுத்தான். அவன் ஆட்சியில்தான், 1201ஆம் ஆண்டில், தஞ்சைத் தரணியின் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளன், பஞ்சம் தாங்காமல், தன்னையும் தன் இரு பெண்மக்களையும் கோயிலுக்கு அடிமையாக விற்றான். விலை 110 காசு. அப்போது காசுக்கு மூன்று நாழி நெல் என்று விற்றது.

கணக்குப் போடுங்கள், தோழர்களே! மூன்று உயிர்களுக்குக் கிடைத்தது 330 நாழி நெல். எண்ணாயிரத்தில் வேதம் ஓதிய ஒரே ஒரு மாணவனுக்கு அளந்த படியால் பார்த்தால், 55 நாள் உணவு! தந்தையும் இரு மகளிரும், அவர்தம் வழிவழி உரிமையும், ஒருவனுடைய இரண்டு மாதச் சோற்றுக்குக்கூட ஈடாகவில்லை. காசு கொடுத்து வாங்கியது எது? களஞ்சியம் நிறைந்த கோயில்! பஞ்சத்தில் படியளந்திருக்க வேண்டிய இடம், பத்திரம் எழுதி ஆள் வாங்கியது. சிவன்கோயில் அடிமைகளின் உடலில் சூலக்குறி பொறித்த செய்தியையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. மாட்டுக்குச் சூடு, மனிதனுக்கும் சூடு!

“உரோமிலும் அடிமைகள் இருந்தனரே, அக்கால வழக்கம் அது” என்பர் சிலர். உண்மை. ஆனால் உரோமின் அடிமைகள் கி.மு. 73இல் சுபார்ட்டகசு தலைமையில் கிளர்ந்தெழுந்ததையும் உலகம் படிக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்கள் அடிமை முறையைக் காக்க 1861இல் போர் தொடங்கின, 1865இல் தோற்றன, விலங்கு அறுந்தது. அங்கே அடிமையின் கதை பாடநூலில் ஏறியது. இங்கே? அடிமைக்கு ‘ஆண்டவன் தொண்டன்’ என்று பெயர் சூட்டி, விலங்கின் மேல் திருநீறு பூசினோம். உரோமில் அடிமை விலங்கை விலங்கென்று அறிந்தான். இங்கே முன்வினை என்று நம்பவைக்கப்பட்டான். அதுதான் வேறுபாடு.

எந்த மன்னனும் இதை ஒழிக்கவில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டம்தான் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் நிலம் கைமாறவில்லை. ஆகவே அடிமை பண்ணையாள் ஆனான், படியாள் ஆனான். கடனுக்குக் கட்டுண்ட கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஆயிரம் ஆண்டுக் கட்டு ஒரே கையெழுத்தில் அவிழவில்லை!

அப்படியானால் சோழர் காலத்தை வெறுத்து ஒதுக்குவதா? அன்று. ஏரி வெட்டிய கை, கல் செதுக்கிய கை, கலம் ஓட்டிய கை யாவும் நம்முடையவை. அந்தக் கைகளைப் போற்றுவோம். அவற்றைக் கட்டிய கயிற்றையும் சேர்த்துப் போற்றமாட்டோம்.

திரும்பும் வழியில் அந்த மாணவனிடம் சொன்னேன்: “உழுதவர் யார் என்று கேட்டாயே, அவர்கள் பெயரைக் கல்லில் தேடு. விற்பனை ஓலைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.” அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் படித்துத் தேடுகிறேன், ஐயா” என்றான்.

எண்ணாயிரத்துக் கல்லூரியில் அவனைப் போன்றவனுக்கு இடமில்லை. இன்று அவன் கையில் புத்தகம் இருக்கிறது. வெற்றிக்கொடியை மட்டும் பார்த்துக் கைதட்டாமல், கொடிக்கம்பம் யார் தோளில் ஊன்றியது என்று கேட்கும் இளைஞனே வரலாறு கற்றவன்!