இரண்டு கேபிள் ஒன்றான கதை, ஒரு கேபிள் பலவான கதை

1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில். ஒன்று பேசினால் எல்லாவற்றின் காதிலும் விழும். கணினிகள் பெருகப் பெருக அது சந்தைக்கடை ஆனது.

எனவே நெட்வொர்க்கைத் துண்டுகளாக்கி, பிரிட்ஜ் என்ற கருவியால் இணைத்தார்கள். ஒரு பாதை அறுந்தால் உதவட்டுமே என்று இரண்டாவது பாதை போட்டால் வேறு வம்பு! பிராட்காஸ்ட் செய்திகள் அந்த வட்டத்தில் ஓயாமல் சுற்றி நெட்வொர்க்கையே முடக்கிவிடும். 1985-ல் டெக் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் இதற்குத் தீர்வாக ஸ்பேனிங் ட்ரீ முறையைத் தந்தார். அது உபரிப் பாதையை மூடி வைக்கும். முதல் பாதை அறுந்தால்தான் திறக்கும். ஆபத்து நீங்கியது. ஆனால் காசு கொடுத்துப் போட்ட இரண்டாவது கேபிள் சும்மா கிடந்தது.

இதில் இன்னொரு குறையும் இருந்தது. எல்லாப் போக்குவரத்தும் ஒரே மரத்தின் வேரில் போய் நெருக்கும். பெல்கோரில் டேவிட் சின்கோஸ்கி, பாக்கெட்டுகளுக்கு நிறம் கொடுத்து, நிறத்துக்கு ஒரு மரம் என்று பிரிக்கலாம் என்றார். விலேன் பிறந்தது இப்படித்தான். 1998-ல் வந்த 802.1க்யூ தரத்தில் அந்த நிறம் 4 பைட் டேக் ஆனது. அதில் எண்ணுக்கு 12 பிட். எனவே ஒரே கேபிளில் 4094 தனித்தனி நெட்வொர்க்குகள் ஓடலாம்.

சும்மா கிடந்த கேபிளுக்கும் காலம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கல்பனா என்ற நிறுவனம், பல இணைப்புகளை ஒன்றாகக் காட்டும் ஈதர்சேனலை உருவாக்கியது. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜின் மனைவி பெயர்தான் கல்பனா. 1994-ல் சிஸ்கோ அதை வாங்கியது. அதே ஆண்டு நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 கணினிகளைக் கோத்து பியோவுல்ஃப் கிளஸ்டர் அமைத்தார்கள். பிராசசர் வேகத்துக்கு 10 மெகாபிட் ஈதர்நெட் ஈடுகொடுக்கவில்லை. அதனால் ஈதர்நெட் இணைப்புகளைச் சேர்த்துக் கட்டினார்கள். லினக்ஸின் பாண்டிங் டிரைவர் பெக்கரின் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். 2000-ல் 802.3ஏடி பொதுத் தரமானது. விண்டோஸிலோ, 2012 சர்வர் பதிப்பு வரும்வரை கார்டு நிறுவனங்களின் டிரைவரைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இரண்டும் சேர்ந்தபோதுதான் சர்வருக்கு முழுப் பயன். மூன்று துறைகளுக்கு மூன்று கார்டு என்று வைத்தால், ஒரு கார்டு போனால் ஒரு துறை இருட்டில். இரண்டே கார்டை டீமாக்கி, அதன்மேல் மூன்று விலேன் போட்டால், ஒன்று போனாலும் மூன்று துறையும் ஓடும்.

ஆனால் இரண்டு 1 கிகாபிட் கார்டு சேர்ந்தால் ஒரு ஃபைல் 2 கிகாபிட் வேகத்தில் பறக்காது. பாக்கெட்டுகளின் வரிசை குலையாமலிருக்க, ஓர் உரையாடல் பொதுவாக ஒரே கேபிளில்தான் போகும். பல பேர் ஒரே நேரத்தில் வரும்போதுதான் லாபம். இரண்டு கேபிளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டு, சுவிட்ச் படுத்தால் டீமும் படுத்துவிடும். உபரி என்பது கேபிளின் எண்ணிக்கையில் இல்லை. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது.