‘பிளெயோனெக்டெயோ’: சாத்தான் மிஞ்சி எடுப்பது எதை?

சாத்தானிடம் நாம் ஏமாந்துபோகக் கூடாது என்கிறார் புனித பவுல் (2 கொரி 2:11). கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கும் வினைச்சொல் ‘பிளெயோனெக்டெயோ’. ‘பிளெயோன்’ என்றால் அதிகம். ‘எகோ’ என்றால் வைத்திருத்தல். தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வதே இதன் அடிப்படைப் பொருள். அரிஸ்டாட்டில் அநீதியைப் பற்றிப் பேசும்போது இதே வேரிலிருந்து வந்த ‘பிளெயோனெக்சியா’ என்னும் பெயர்ச்சொல்லைத்தான் கையாளுகிறார். பவுல் அந்தப் பேராசையைச் சிலைவழிபாடு என்றே சொல்லிவிடுகிறார் (கொலோ 3:5). அடுத்தவர் பங்கை எடுக்கத் தந்திரம் தேவை அல்லவா? அப்படித்தான் ‘வஞ்சித்தல்’ என்ற பொருளும் வந்து சேர்ந்தது. இலத்தீன் வுல்காத்தா இங்கே ‘சூழ்ந்து மடக்குதல்’ என்னும் பொருள்தரும் சொல்லை இட்டது. தந்திரம் தெரிகிறது, ‘அதிகம்’ மறைந்துவிட்டது.

புதிய ஏற்பாட்டில் இவ்வினை 5 இடங்களில் வருகிறது. நான்கில் (2 கொரி 7:2, 12:17, 18, 1 தெச 4:6) செய்வினை. பழைய கிரேக்க நூல்களில் இழப்பவர் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமையில் வருவார். பவுல் இரண்டாம் வேற்றுமையில் வைக்கிறார். இந்த ஓரிடத்தில் மட்டுமே செயப்பாட்டுவினை: ‘பிளெயோனெக்டேதோமென்’. கிரேக்கத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே வடிவம்தான். தமிழிலோ நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டும். “ஒருவரையும் வஞ்சிக்கவில்லை” என்னும் 7:2இல் ‘நாங்கள்’ பொருந்தும், 2:11இல் ‘நாம்’தான். இழப்பு கொரிந்துச் சபைக்கும் பவுலுக்கும் சேர்ந்தே வருகிறது.

அப்படி எதை இழப்பார்கள்? முந்தைய வசனங்களைப் பாருங்கள். தவறு செய்த ஒருவரைச் சபையில் பெரும்பான்மையோர் தண்டித்திருந்தார்கள் (2:6). ‘பெரும்பான்மையோர்’ என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல்லும் ‘அதிகம்’ என்பதன் உறவுதான். தண்டனை போதும், இனி மன்னியுங்கள். இல்லையேல் மிதமிஞ்சிய துயரம் அந்த மனிதரை விழுங்கிவிடும் என்கிறார் பவுல் (2:7). பாவம் செய்தபோது சாத்தானுக்குக் கிடைத்தது கொஞ்சம். மனம் வருந்திய பிறகும் சபை கதவைத் திறக்காவிட்டால் அவனுக்கு ஆளே கிடைத்துவிடுகிறார், அதுவும் நீதியின் பெயரால். இந்த வசனத்தைச் சோதனைகளைப் பற்றிய பொது எச்சரிக்கையாக மட்டும் நாம் பிரசங்கிப்பது எனக்குச் சற்று வருத்தமே.

8ஆம் வசனத்தில் அவர்மீதுள்ள அன்பை ‘உறுதிப்படுத்துங்கள்’ என்கிறார். அங்குள்ள ‘கூரோசாய்’, உடன்படிக்கையைச் சட்டப்படி உறுதிசெய்வதற்கு வழங்கும் சொல் (காண்க: கலா 3:15). தண்டனையைச் சபைதான் தீர்மானித்தது. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதையும் அதே சபை வெளிப்படையாகத் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்கிறார்.