நீ அம்மையாம், நான் கண்டக்டராம்: சிற்றில் முதல் சிரட்டைச் சோறு வரை

சங்க மலர்களில் ஆண்டுதோறும் அரசர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் நல்ல கட்டுரைகள் வருகின்றன. கல்வெட்டு படித்தவர்கள் கல்வெட்டைப் பற்றி எழுதுகிறார்கள். நான் கல்லூரி வாசல் மிதிக்காதவன், பாத்திர வியாபாரி. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவன். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. ஆகவே கல்லில் எழுதாத ஒரு வரலாற்றைப் பற்றி இங்கே எழுதத் துணிகிறேன். சின்னப் பிள்ளைங்க மண்ணில் உட்கார்ந்து, சிரட்டையில் சோறு பொங்கி, "நீ அம்மை, நான் அப்பா" என்று தங்களுக்குள்ளே கதை கட்டி விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம்மைப்போல் வெளிமாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த வரலாற்றில் ஒரு பாடமும் உண்டு.

சங்க காலத்துச் சிறுமியர்

வீடு கட்டி விளையாடுவதற்குப் பழந்தமிழில் சிற்றில் என்று பெயர். மணலில் பாவை செய்து விளையாடுவது வண்டல். பொய்யாகச் சமைப்பது சிறுசோறு. இழுத்து ஓட்டுவது சிறுதேர். தச்சச் சிறார் செய்த சிறுதேரைப் பெரும்பாணாற்றுப்படையிலும், மூன்று கால் சிறுதேரைப் பட்டினப்பாலையிலும் காணலாம்.

ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் ஒரு பெண் வருகிறாள். அவள் செய்த மணல் பாவையைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவள் கோபத்தில் மணலை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள்! பாவை போனால் என்ன, இன்னொன்று செய்யலாமே என்று பெரியவர்கள் சொல்வோம். அவளுக்கு அது பாவை இல்லை, பிள்ளை.

நற்றிணை 172-ஆம் பாட்டு இதைவிட ஒரு படி மேலே போகிறது. சிறுமியர் விளையாட்டாகப் புன்னை விதையை மணலில் அழுத்தி வைத்து மறந்துவிட்டார்கள். அது முளைத்தது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள். தாய் என்ன சொன்னாள் தெரியுமா? இந்தப் புன்னை உங்களுக்குத் தமக்கை என்றாள். பிள்ளைகள் தொடங்கிய கதையைத் தாய் எடுத்து நீட்டிக்கொடுத்தாள். அந்தப் பெண் வளர்ந்த பிறகும் அக்கா நிற்கிற இடத்தில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கப்படுகிறாள். சிறுபிள்ளைக் கதை ஒன்று வயது வந்தவளின் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? புறநானூறு 243-இல் தொடித்தலை விழுத்தண்டினார் கோல் ஊன்றிய கிழவராக நின்று, மணல் பாவைக்குப் பூச்சூட்டிய நாட்களை எண்ணி ஏங்குகிறார். அறுபது கடந்த எனக்கு அந்தப் பாட்டு நன்றாகவே புரிகிறது.

பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்றே ஒரு இலக்கிய வகை வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மேல் பாடினார். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் சிதைத்தலும் சிறுதேர் உருட்டலும் இடம் பெற்றன. விளையாட்டைப் பருவமாக வகுத்து வைத்தவர்கள் நம் முன்னோர்.

சமண நூல்களில் இரண்டு சிறுவர்கள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் 'பரிசிஷ்டபர்வம்' என்ற நூலில் சந்திரகுப்த மௌரியரின் இளமையைச் சொல்கிறார். மயில் வளர்ப்போர் ஊரில் சிறுவன் சந்திரகுப்தன் மற்றப் பிள்ளைகளை யானையாகவும் குதிரையாகவும் ஆக்கி ஏறிக்கொண்டு, ராஜா விளையாட்டு விளையாடுகிறான். வழியே வந்த சாணக்கியர், "எனக்கும் ஏதாவது கொடு" என்று கேட்கிறார். ஊர் மாடுகளைக் காட்டி, "ஓட்டிக்கொண்டு போங்கள், என் ஆணையை யார் மீறுவார்" என்கிறான் பையன். அந்த விளையாட்டில்தான் சாணக்கியர் ஒரு சக்கரவர்த்தியைக் கண்டுபிடித்தார் என்பது கதை. அந்தச் சந்திரகுப்தர் கடைசியில் துறவியாகிச் சிரவணபெளகொளாவில் உயிர் நீத்தார் என்பது எங்கள் திகம்பர மரபு.

மற்றொரு கதை சுவேதாம்பர ஆகமமான பகவதி சூத்திரத்தில் உள்ளது. அதிமுக்தன் என்ற சிறுவன் துறவு பூண்டான். மழை பெய்தது. ஓடுகிற தண்ணீருக்கு மண்ணால் அணை கட்டி, தன் பிச்சைப் பாத்திரத்தை அதில் மிதக்கவிட்டு, "இது என் படகு, என் படகு" என்று விளையாடினான். மூத்த துறவிகள் முகம் சுளித்து மகாவீரரிடம் போனார்கள். அவர், இவனை இகழாதீர்கள், இவன் இந்தப் பிறவியிலேயே முக்தி அடைவான் என்றார். பாத்திரம் விற்கிறவனாகிய எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு வேலை இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

'ஆம்' செய்கிற வேலை

இனி ஒரு சின்ன இலக்கணச் செய்தி. நாம் கதை சொல்லும்போது எப்படி ஆரம்பிக்கிறோம்? "ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம், அவருக்கு மூணு பொண்ணாம்" என்கிறோம். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதற்கு இந்த 'ஆம்' அடையாளம். இப்போது பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்துப் பாருங்கள். "நான் டாக்டராம், நீ நோயாளியாம், உனக்குக் காய்ச்சலாம்" என்கிறார்கள். அதே 'ஆம்'! பாட்டி கதை சொல்லும் உருபை வைத்தே பிள்ளை தன் விளையாட்டைத் தொடங்குகிறது. இது நிஜமில்லை, கதை, ஆனால் கதைக்குள்ளே நிஜம் என்று ஒரே எழுத்துக்கூட்டில் சொல்லிவிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதை எந்த வாத்தியாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ருஷ்ய நாட்டு உளவியல் அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரை ஒன்றில் இதைத்தான் ஆராய்ந்தார். குச்சி குதிரையாகும்போது குழந்தையின் அறிவு, பொருளை விட்டு அதன் அர்த்தத்தைத் தனியே பிடிக்கக் கற்றுக்கொள்கிறது என்றார். நம் நாட்டில் கிஜுபாய் பதேகா 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கி, கதையையும் நாடகத்தையும் படிப்பின் நடுவிலேயே வைத்தார். பிள்ளைகள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் விவியன் பேலி என்ற ஆசிரியை, குழந்தை சொல்லும் கதையை அப்படியே எழுதிக்கொண்டு, வகுப்பே சேர்ந்து அதை நடிக்கும்படி செய்தார். மூவரும் வேறு வேறு நாட்டார். கண்டுகொண்டது ஒன்றே: கதையும் விளையாட்டும் ஒரே வேரில் முளைத்தவை.

கொல்லயில் கிராமத்தில் கண்டவை

வியாபார நிமித்தம் நான் பல ஆண்டுகள் நெய்யாற்றின்கரை, பாறசாலை, தனுவச்சபுரம் பக்கம் போய்வந்தவன். அங்கே நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் உள்ள பஞ்சாயத்து கொல்லயில். தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் நிறைந்த ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்காக மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்ததும், 1954-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும் நீங்கள் அறிந்ததே. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அக்காளைக் கட்டிக்கொடுத்த வீடு களியக்காவிளைக்கு அந்தப்புறம், தங்கை வீடு இந்தப்புறம் என்ற குடும்பங்கள் அங்கே நிறைய.

பெரியவர்கள் பிரித்த எல்லையைப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டு முற்றத்தில் பார்த்ததைச் சொல்றேன். நாலைந்து பிள்ளைங்க. தேங்காய்க் கயிற்றை வளையமாகக் கட்டி, அதற்குள் எல்லாரும் நின்று பஸ் விளையாட்டு. மூத்தவள் சட்டம் போட்டாள்:

"நீ அம்மையாம், கைப்பிள்ளை வச்சிருக்கியாம். நான் கண்டக்டராம்."

மரச்சீனி இலைதான் டிக்கெட். பஸ் கிளம்பியது. கண்டக்டர் மலையாளத்தில் கூவினாள்: "ஆளிறங்ஙான் உண்டோ?" முற்றத்து ஓரத்தில் ஒரு மாமரம். அந்த மரத்தைத் தாண்டியதும் அதே கண்டக்டர், அதே குரல், "டிக்கெட் எடுத்தாச்சா? யாரு இறங்கணும்?" என்று தமிழுக்கு மாறிவிட்டாள். நான் அருகே போய், "மக்களே, ஏன் இங்கே வந்ததும் பேச்சு மாறிப்போச்சு?" என்று கேட்டேன். அவள் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, "மாமா, இது களியக்காவிளையில்லா!" என்றாள்.

2020-இல் கொரோனாவுக்காக எல்லையில் தடுப்பு வைத்தபோது, அந்த முற்றத்து மாமரத்தடியிலும் கயிறு கட்டித் தடுப்பு வைத்தார்களாம், பிலாவிலையைப் பாஸாகக் காட்டினால்தான் விட்டார்களாம். அந்த வீட்டுப் பாட்டி சொல்லிச் சிரித்தார். மாநில மறுசீரமைப்பு பற்றி நான் படித்த புத்தகங்களில் இல்லாத ஒரு பக்கம் அந்த முற்றத்தில் எழுதப்பட்டிருந்தது.

விளையாட்டுச் சாமான்களுக்கு அங்கே எல்லையே இல்லை. சிரட்டை இரண்டு மொழியிலும் சிரட்டை. கஞ்சியும் கறியும் அப்படியே. பிள்ளைத்தமிழில் வரும் அம்புலிதான் மலையாளத்தில் அம்பிளி. வளைந்த கம்பில் சரடு கட்டித் தட்டி வில்லுப்பாட்டு விளையாடுவதும் இரண்டு பக்கமும் உண்டு. வில்லில் பாடும் இசக்கி கதையில் கள்ளிக்கொம்பு ஒன்று கைக்குழந்தையாகி இடுப்பில் ஏறுகிறது. பிள்ளைகளுக்கு இது புதுமையே இல்லை, அவர்கள் தினமும் செய்வதுதான். இசக்கி என்பது இயக்கி. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்துச் சிதறால் மலையில், ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு உள்ள சமணக் குகைக்கோயிலில், அம்பிகை என்னும் இயக்கி தன் பிள்ளைகளோடு நிற்கிறாள். நாங்கள் தருமதேவி என்று வணங்குபவள் அவளே.

நம் வீடுகளில் நடப்பது

இப்போது நம் கதைக்கு வருவோம். என் பேத்திக்கு நாலு வயது. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அவளும் நன்றாகப் பேசுகிறாள் என்று நாங்கள் திருப்தியாக இருந்தோம். ஒரு மாதம் அவள் விளையாட்டைச் சும்மா காது கொடுத்துக் கேட்டேன். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து டீச்சராகும்போது ஆங்கிலம். டாக்டர் ஆங்கிலம். கடைக்காரர், ஆட்டோக்காரர் மலையாளம். தமிழ் பேசியது யார் தெரியுமா? பாட்டி. அதுவும் முதுகு வளைந்து, இருமிக்கொண்டு பேசுகிற பாட்டி. நாள் பூரா விளையாடினாலும் தமிழ் பேசும் டாக்டர் ஒருவர்கூட வரவில்லை.

இதை என் மகனிடம் சொன்னேன். "அப்பா, குழந்தை விளையாட்டை இவ்வளவு பெரிசா எடுத்துக்கலாமா? அவ யு.கே.ஜி. போகணும், எழுத்து வரலைன்னு டீச்சர் சொல்றாங்க, டியூஷன் வைக்கப்போறோம்" என்றான். அவன் கவலை அவனுக்கு. ஆனால் என் மனம் ஆறவில்லை. குழந்தை பொய் சொல்லத் தெரியாத இடம் அதன் பொய் விளையாட்டுதான். எந்த மொழிக்கு உலகத்தில் என்ன வேலை என்று அது கண்டதை அப்படியே நடித்துக் காட்டுகிறது. அவள் உலகத்தில் தமிழுக்குக் கொடுத்த வேலை இருமுவது மட்டும். கொல்லயில் முற்றத்துக் கண்டக்டருக்கோ தமிழ் பஸ் ஓட்டுகிற மொழி, காசு வாங்குகிற மொழி. அவள் படிப்பதும் கேரளத்துப் பள்ளிதான். ஆனால் மாமரத்துக்கு அப்புறம் தமிழ் பேசும் ஊர் ஒன்று அவள் கதையில் உயிரோடு இருக்கிறது.

ஆங்கிலத்தையும் மலையாளத்தையும் நான் குறை சொல்லவில்லை. மலையாளம் எனக்குச் சோறு போட்ட மொழி. பிள்ளைக்கு மூன்று மொழியும் வேண்டும். அந்த மூன்றில் தமிழுக்கு ஒரு கிழவி வேஷம் மட்டும் போதாது என்கிறேன்.

இதற்கு நான் செய்து பார்த்தது எளிய காரியம். பேத்தியோடு தரையில் உட்கார்ந்தேன். "நான் டாக்டராம், உன் பொம்மைக்கு வயித்து வலியாம், என்ன சாப்பிட்டுச்சாம்?" என்று ஆரம்பித்தேன். முதலில் முறைத்தாள். தாத்தா எப்படி டாக்டராக முடியும் என்ற சந்தேகம். பிறகு, "அது சாக்லேட் தின்னுச்சாம், நிறையத் தின்னுச்சாம்" என்று 'ஆம்' போட்டாள். இப்போது எங்கள் வீட்டில் ஒரு தமிழ் டாக்டரும், ஒரு தமிழ் விமானியும் இருக்கிறார்கள். விமானியாவது அவள்தான், நான் பயணி, எனக்கு ஜன்னல் சீட் கிடைப்பதில்லை.

சங்க நிர்வாகிகளுக்கும் தாய்மார்களுக்கும் என் விண்ணப்பம் இது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த குறளை ஒப்பிக்கிறார்கள், மகிழ்ச்சி. அதோடு ஒரு மூலையில் பாய் விரித்து, செப்புச் சாமானும் நாலு சிரட்டையும் பழைய துணியும் போட்டு, ஒரு மணி நேரம் அவர்களைச் சும்மா விடுங்கள். தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட உட்காரட்டும், திருத்த வேண்டாம், வேஷம் கட்டட்டும். பிள்ளை சொல்லும் கதையை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த மலரில் அந்தக் கதைகளை, சொன்ன பிள்ளையின் பெயரோடு, இரண்டு பக்கம் அச்சிடுங்கள்.

புன்னையை அக்கா என்று சொல்லிக்கொடுத்த அந்தச் சங்கத் தாய் ஒரு நிமிஷம்தான் செலவழித்திருப்பாள். இரண்டாயிரம் வருஷமாக அந்த மரம் நிற்கிறது.